தூக்கம் கெடுக்கும் சாதி

தூக்கம் வரவில்லை என்று வரும் கல்லூரி மாணவரிடம் மருத்துவர்களான நம்மில் பலர் நீட்டுவது 1989இல் வெளியான பிட்ஸ்பர்க் தூக்கத் தர அளவுகோலை. இருமல், குளிர், வெக்கை, கெட்ட கனவு, வலி என்று காரணங்களை வரிசையாகக் கேட்கும் அந்த வினாத்தாளில் சாதிக்கு இடமில்லை. கடைசியில் வரும் ‘வேறு காரணங்கள்’ என்ற வரியில்தான் அதை எழுத முடியும். பெரும்பாலும் அந்த வரி வெற்றாகவே திரும்புகிறது.

மயிலாடும்பாறை, வருசநாடு மலையடிவார ஊர்களிலிருந்து முதல் தலைமுறையாகப் படிக்க வரும் தலித், பளியர் பழங்குடி மாணவர்களை விடுதியில் ‘ஊரில் எந்தத் தெரு?’ என்ற கேள்வி எதிர்கொள்கிறது. விடை தெரிந்த பிறகு அறைத்தோழரின் பேச்சு மாறினால் அந்த அறையில் எப்படி அயர்ந்து தூங்குவது? உடல் காவல் நிலையிலேயே இருக்கிறது. நாடித்துடிப்பு தணிவதில்லை, சின்னச் சத்தத்துக்கும் விழிப்பு வந்துவிடுகிறது. இனப் பாகுபாட்டைச் சந்திப்பவர்களுக்குத் தூக்கம் கெடுவதை அமெரிக்க ஆய்வுகள் பல காட்டியுள்ளன. நம் மாணவர்களிடம் அதே கண்ணோடு சாதியைப் பார்க்க வேண்டும்.

தூக்கமின்மைக்கான அறிதல் நடத்தைச் சிகிச்சையில் இங்கே ஒரு கவனம் தேவை. மிகையான அச்சத்தைத் திருத்துவது அதன் ஒரு பகுதி. ஆனால் எல்லா அச்சமும் மிகையல்ல. 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் சாதி வன்மத்தால் இரவில் தம் வீட்டிலேயே சக மாணவர்களால் வெட்டப்பட்டார். அதன்பின் மாணவர்களிடையே சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல அமைந்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. இதெல்லாம் தெரிந்த மாணவரிடம் ‘நீயாக நினைத்துக்கொள்கிறாய்’ என்று சொல்வது சிகிச்சை ஆகாது. கல்லூரி செய்த புறக்கணிப்பை நாமும் தொடர்வதாகவே முடியும். அச்சம் மிகையா, நியாயமானதா என்பதை முதலில் விசாரித்து அறிய வேண்டும்.

ஆகவே, செல்போனைப் பற்றிக் கேட்கும் அதே இயல்போடு சாதியைப் பற்றியும் தனிமையில் கேளுங்கள். சொன்னதை அவர் சொற்களிலேயே பதிவு செய்யுங்கள். மாத்திரைச் சீட்டோடு நிறுத்தாமல், அவர் சம்மதித்தால் அறை மாற்றத்துக்குக் கடிதம் கொடுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012 விதிகள் சம வாய்ப்பு மையத்தையும் பாகுபாடு தடுப்பு அலுவலரையும் கோரின. உங்கள் கல்லூரியில் அந்தப் பொறுப்பில் இருப்பவர் யார் என்று இந்த வாரமே முதல்வரிடம் எழுத்தில் கேளுங்கள். ஒருவரும் இல்லையென்றால், நியமிக்கும்வரை கேட்டுக்கொண்டே இருப்பதும் நம் மருத்துவப் பணிதான்.