உச்சி வெயிலும் ஒரு பிக்கோ நொடியும்

விழுப்புரம் பக்கத்துக் கெடாரில் சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிறது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வயலில் நிற்பவரின் தோலுக்குள் அந்த நேரத்தில் ஓர் ஓட்டப்பந்தயமே நடக்கிறது.

வெயிலில் கலந்து வரும் புற ஊதாக் கதிர்களில் கொஞ்சத்தை டி.என்.ஏ. உறிஞ்சிக்கொள்கிறது. உடனே அந்த மூலக்கூறு 'கிளர்வு நிலை'க்குப் போகிறது. அதாவது, தாங்க முடியாத அளவுக்கு ஆற்றலைச் சுமந்து நிற்கிறது. அந்தத் தவிப்பில் பக்கத்துத் துணுக்கோடு தப்பாக ஒட்டிக்கொண்டால் மரபுத் தகவல் பிசகும். தோல் புற்றுநோய்வரை கொண்டுபோய் விடலாம்.

பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. காரணம், வேகம். டி.என்.ஏ.வின் 'எழுத்துகள்' ஒவ்வொன்றையும் தனித்தனியே தண்ணீரில் கரைத்து அளந்து பார்த்தார்கள் அமெரிக்க விஞ்ஞானி பெர்ன் கோலரும் அவர் குழுவினரும். வாங்கிய ஆற்றலை அவை ஒரு பிக்கோ நொடிக்குள் வெப்பமாக மாற்றிவிடுகின்றன! பிக்கோ நொடி என்றால் ஒரு நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு.

இதை எந்தக் கடிகாரம் அளக்கும்? ஒளிதான் கடிகாரம். முதல் லேசர் துடிப்பு மூலக்கூறைக் கிளப்பிவிடும். பின்னாலேயே வரும் இரண்டாவது துடிப்பு அதன் நிலையைப் படம் பிடிக்கும். இடையில் ஒரு கண்ணாடியை 0.15 மில்லிமீட்டர் பின்னுக்கு நகர்த்தினால், போக வர 0.3 மில்லிமீட்டர் கூடுதல் பயணம். இரண்டாவது துடிப்பு ஒரு பிக்கோ நொடி தாமதமாக வரும். இப்படி வேதிவினைகளைப் பெம்டோ நொடிக் கணக்கில் பார்த்த அகமது செவேலுக்கு 1999இல் நோபல் பரிசு கிடைத்தது. பெம்டோ நொடி, பிக்கோ நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இந்த ஆராய்ச்சிக்காகவே நம் ஊரிலும் ஓர் இடம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் இருக்கும் அதிவேக நிகழ்வுகளுக்கான தேசிய மையம்தான் அது.

ஆனால், வேகம் மட்டுமே முழுக் காவல் இல்லை. அடுத்தடுத்து இருக்கும் இரண்டு தைமின்கள் ஒட்டிக்கொள்ளவும் ஏறக்குறைய ஒரு பிக்கோ நொடியே போதும் என்று 2007இல் வெளியான ஆய்வு சொன்னது. தப்பிப்பதும் சிக்குவதும் ஒரே வேகம்! சிக்கியவற்றில் பலவற்றை உடலே பழுது பார்த்துவிடும், எல்லாவற்றையும் அல்ல.

அதனால் வயலுக்குப் போகும்போது அந்தத் துண்டும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம் வேண்டும். வெயில் உள்ளே நுழைவதற்கு முன்பே தடுப்பவை அவைதான்.