காலை எடுக்குமுன் கேளுங்கள்!

விடியுமுன்னே கம்பம்மெட்டு ஏறுகின்றன ஏலத்தோட்ட ஜீப்புகள். அவற்றில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் தோழர்களில், தாய்மார்களில் எத்தனை பேருக்கு நீரிழிவு? எத்தனை பேரின் உள்ளங்காலில் ஆறாத புண்? நரம்பு மரத்துப்போன காலில் முள் தைத்தாலும் தெரியாது. தெரியும்போது விரல் கறுத்திருக்கும். முதலில் விரல் போகும், பிறகு பாதம், பிறகு முழங்கால்! கால் போனால் கூலி போயிற்று. கூலி போனால் அடுப்பு அணைந்தது.

இத்தகைய புண்ணுக்கு உதவும் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சை என்று ஒன்று உண்டு. மூடிய கூண்டு, உள்ளே காற்றழுத்தம் வெளியே உள்ளதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு. நோயாளி ஒன்றரை மணி, இரண்டு மணி நேரம் கலப்பற்ற ஆக்சிஜனைச் சுவாசிக்கிறார். அது இரத்தத்தின் நீர்ப்பகுதியிலேயே கரைந்து, ஓட்டம் குறைந்த தசைக்கும் எட்டுகிறது.

இதன் வேர் எங்கே? மாளிகையிலா? இல்லை, ஆற்றடியிலே! 1870-களில் நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்துக்குத் தூண் இறக்க, அழுத்தக் காற்றடைத்த பெட்டிக்குள் இறங்கி மண் வெட்டினர் தொழிலாளர். மேலே வந்தால் மூட்டுக்கு மூட்டு வலி, சிலருக்கு வாதம், சிலருக்குச் சாவு. தலைமைப் பொறியாளர் ரோப்ளிங்கும் 1872-இல் அந்நோயில் விழுந்தார். அழுத்தம் சட்டென்று குறைந்தால் இரத்தத்தில் நைட்ரஜன் குமிழி கிளம்பும். மீண்டும் அழுத்தத்தில் வைத்தால் அடங்கும். உடம்பைக் கொடுத்து இப்பாடத்தைக் கற்பித்தவன் பாட்டாளி. அந்தக் கூண்டு அவனுக்கே எட்டாக் கனியா?

ஆனால் இது சர்வரோக நிவாரணியன்று, ஏமாறாதீர்! கரிப்புகை நஞ்சு, மண் புகுந்த காயத்தில் வாயு கிளம்பி அழுகுதல், எலும்பில் ஊன்றிய சீழ், புற்றுநோய்க் கதிரால் கெட்ட தசை, வழக்கமான சிகிச்சை முப்பது நாள் பார்த்தும் ஆறாத நீரிழிவுக் காலின் ஆழ்ந்த புண் — இப்படிச் சிறு பட்டியலே. அந்தக் காலுக்கும் இது துணை மருந்துதான். ஆய்வு முடிவுகளும் ஒன்றுபோல் இல்லை. ஒளிப்பானேன்? இளமை திரும்பும் என்று கூவுவோரை நம்பாதீர். 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகனில் இத்தகைய கூண்டு தீப்பிடித்து ஐந்து வயதுச் சிறுவன் மாண்டான்.

2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வாசலுக்கே கொண்டுவந்தது. மாத்திரை வாங்கும்போதே காலையும் காட்டுங்கள். அழுகல் உயிரைக் குடிக்கும் நிலையென்றால் தாமதிக்காதீர். காலினும் உயிர் பெரிது. அவகாசம் உண்டென்றால் கேளுங்கள்: "இரத்தக் குழாயைச் சோதித்தாயிற்றா? அழுத்த ஆக்சிஜன் உதவுமா? எங்கே அனுப்புவீர்கள்?" கேட்பது குற்றமன்று, உரிமை.

அரசையும் நாம் கேட்கிறோம். இருபது முதல் நாற்பது முறை படுக்க வேண்டிய சிகிச்சை இது. அத்தனை நாள் கூலியை இழந்து எந்தத் தோட்டத் தொழிலாளி வெளியூருக்கு அலைவான்? தேவையென்று மருத்துவர் எழுதிக்கொடுத்தால், சிகிச்சைச் செலவோடு பேருந்துக் கட்டணமும் நாள்படியும் சேர்த்தே கொடுங்கள்.