எட்ட நின்று நாடி பார்த்தல்



கொல்லங்கோட்டில் ஆடி மழை பிடித்துக்கொண்டால் எளிதில் விடாது. தெற்கே நெல்லியாம்பதி மலை முகிலுக்குள் மறைந்துவிடும். மேகம் சற்றே விலகும் வேளையில் சீதார்குண்டு அருவி வெள்ளிக் கம்பிபோல் தோன்றி மறையும். வயல் வரப்புகளில் நிற்கும் பனைகள் இரவெல்லாம் சலசலத்துக் கொண்டிருக்கும். அத்தகைய ஓர் இரவில், என் தமக்கையின் வீட்டுத் திண்ணையில் நான் கண்ட காட்சி ஒன்றை இம்மாதம் உங்களுக்குச் சொல்லப் புகுந்தேன்.

நம் சங்கத்துக் குடும்பங்களில், கணிப்பொறித் தொழிலில் ஒரு பிள்ளையாவது இல்லாத வீடு அரிது. ஆயினும், "பையனுக்கு என்ன வேலை?" என்று எவரேனும் வினவினால், "கம்ப்யூட்டரில் ஏதோ வேலை" என்பதோடு நம் விடை நின்றுவிடுகின்றது. அவன் நடுநிசியில் எழுந்து, கறுத்த திரையில் வெள்ளை எழுத்துகளைத் தட்டுவது எதற்காக என்று நாமும் கேட்பதில்லை, அவனும் சொல்வதில்லை. அன்றிரவு நான் கேட்டேன். என் தமக்கை மகன் சொன்னான்.

அவன் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கின்றான். கம்பெனியின் பெயர் இங்கு வேண்டுவதில்லை. என் தமக்கை முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். துணைக்கு வேறு ஆளில்லை. "சில மாதம் ஊரிலிருந்தே வேலை பார்க்கின்றேன்" என்று மேலாளரிடம் மன்றாடி அனுமதி பெற்று வந்திருந்தான். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: பொறி கெட்டு, இங்கிருந்தபடியே சரிசெய்ய முடியாமற்போனால் அடுத்த வண்டியில் சென்னைக்கு வந்து சேர வேண்டும். ஆகவே ஒவ்வொரு பழுதும் அவனுக்கு ஒரு பரீட்சை. தாயின் அருகில் இருப்பதா, இல்லையா என்பதே அதிலுள்ள கேள்வி.

இரவு 1 மணிக்கு அவனுடைய கைப்பேசி அலறிற்று. சர்வர் ஒன்று திணறுகின்றது என்று செய்தி. சர்வர் என்பது பலருக்கும் ஒரே வேளையில் பணி செய்யும் பெருங்கணிப்பொறி. அதற்குத் திரையும் இல்லை, தட்டெழுத்துப் பலகையும் இல்லை. இரும்புச் சட்டத்தில் தட்டுத் தட்டாக அடுக்கப்பட்டு, குளிரூட்டிய அறையில் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். அதனோடு பேசுவதற்குப் பெரும்பாலும் கையாளும் வழி கட்டளை வரிதான். ஒரு வரி எழுதி அனுப்பினால், அது ஒரு விடை எழுதி அனுப்பும். நாம் ஊருக்குக் கார்டு எழுதிப் பதிலுக்குக் காத்திருந்ததைப் போன்றதே. விடை வரும் நேரந்தான் கணப்பொழுதாகச் சுருங்கிவிட்டது.

அவன் வழக்கமான வழியில் அழைத்துப் பார்த்தான். விடை இல்லை. "பொறி செத்துப் போயிற்றா?" என்றேன். "கொஞ்சம் பொறுங்கள், மாமா. வீட்டுக்காரர் பேசாவிட்டால் வாட்ச்மேனைக் கேட்கலாம்" என்றான்.

அவன் சொன்ன வாட்ச்மேன் கதைப்பொருள் அன்று. ஒவ்வொரு நல்ல சர்வரின் உள்ளேயும், தாய்ப்பலகையின்மேல் சிறிய கணிப்பொறி ஒன்று தனியே இருக்கின்றது. பி.எம்.சி. என்பது அதன் பெயர். பெரிய பொறி அணைந்து கிடந்தாலும் சுவரிலிருந்து மின்சாரம் வரும்வரை இது விழித்திருக்கும். வெளியுலகோடு பேச இதற்குப் பெரும்பாலும் தனி வாயில் உண்டு. விசிறிகள் சுற்றும் வேகம், உள்ளே ஏறும் வெப்பம், மின்னழுத்தத்தின் ஏற்றத்தாழ்வு ஆகியவற்றை ஓயாது அளந்துகொண்டே இருக்கும். அளவு மீறியதை நாள், மணியோடு ஒரு குறிப்பேட்டில் பதிந்தும் வைக்கும். இன்ன கேள்விக்கு இன்ன முறையில் விடை தரவேண்டும் என்ற பொது விதியை இன்டெல், எச்.பி., டெல், என்.இ.சி. ஆகிய நான்கு நிறுவனங்கள் சேர்ந்து 1998-இல் வகுத்தன. ஐ.பி.எம்.ஐ. என்பது அவ்விதியின் பெயர்.

முதற் கட்டளை: மின்சாரம் இருக்கின்றதா? இருக்கின்றது. இரண்டாவது: குறிப்பேட்டைக் காட்டு. வரி வரியாகத் திரையில் இறங்கிற்று. இரவு 11.40-க்கு மூன்றாம் விசிறி நின்றுபோயிருக்கின்றது. நள்ளிரவு கடந்ததும் வெப்பம் எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டியிருக்கின்றது. மூன்றாவது: இப்போதைய அளவுகள் யாவை? மற்ற விசிறிகள் நிமிஷத்திற்கு எட்டாயிரம், ஒன்பதாயிரம் சுற்று ஓடிக்கொண்டிருக்க, மூன்றாம் விசிறிக்கு நேரே சுழியம் நின்றது.

அதற்குள் சென்னையில் பொறி அறையைக் காவல் காக்கும் இளைஞர் தொலைபேசியில் வந்தார். "அண்ணா, ஒரு டிஸ்கில் சிவப்பு விளக்கு எரிவதுபோல் தெரிகிறது. கழற்றி வேறு போட்டுவிடட்டுமா?" என்று கேட்டார். "தம்பி, நான் சொல்லும்வரை எதையும் தொடாதே" என்று பதறினான் என் மருமகன். பதறியதன் காரணம் பிறகே எனக்கு விளங்கிற்று.

அந்தப் பொறியில் ஒரே கணக்கு இரண்டு வட்டுகளில் இரட்டையாக எழுதப்படுகின்றது. ஒன்று கெட்டாலும் மற்றது காக்கும். ஆனால் கெட்டது ஒன்று இருக்க, நல்லதைத் தவறி உருவிவிட்டால் கணக்கே தடுமாறிப் போகும். சில வேளை மீட்கவும் இயலாது. வைத்தியர் இடக்காலுக்கு மாறாக வலக்காலை அறுத்துவிட்டாற்போன்ற கதைதான்.

அவன் மற்ற விசிறிகளை முழு வேகத்தில் ஓடச் செய்தான். வெப்பம் மெல்லத் தணிந்தது. பி.எம்.சி. வழியாகவே பெரிய பொறியின் திரையை எட்டிப் பிடித்து உள்ளே நுழைந்தான். பிறகு வட்டுகளைத் தனித்தனியே விசாரித்தான். ஒவ்வொரு வட்டும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கின்றது. ஸ்மார்ட் என்பது அந்த ஏற்பாட்டின் பெயர். வட்டின் வெப்பம் எவ்வளவு, படிக்க முடியாமற்போன இடங்கள் எத்தனை, பழுதான இடத்திற்கு மாற்றாக ஒதுக்கிய இடங்கள் எத்தனை என்பனவெல்லாம் அதில் உண்டு. முதல் வட்டில் குறையில்லை. இரண்டாவதில் வெப்பம் 61 பாகை; படிக்க முடியாத இடங்கள் கூடிக்கொண்டே இருந்தன.

"பார்த்தீர்களா, மாமா? வட்டு கெட்டதென்னவோ மெய்தான். ஆனால் விசிறி நின்றது முன்னால். வட்டு காய்ந்தது பின்னால். வட்டை மட்டும் மாற்றியிருந்தால் புது வட்டும் அதே சூட்டில் வெந்திருக்கும்" என்றான்.

இதன் பின்னர் அவன் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு கட்டளை அனுப்பினான். 500 கிலோமீட்டருக்கு அப்பால், கெட்ட வட்டின் முகப்பில் சிறு விளக்கொன்று மினுக்கத் தொடங்கிற்று. "எந்த வட்டில் மினுக்குகிறது? அதன்மேல் அச்சிட்ட எண்ணைப் படி" என்றான். இளைஞர் படித்தார். "மறுபடியும் படி" என்றான். இருமுறை ஒத்துப் பார்த்த பின்னரே கழற்றச் சொன்னான். முதலில் விசிறி, பிறகு வட்டு. கணக்கு முழுவதும் புது வட்டில் ஏறி முடியக் காலை 9 மணி ஆயிற்று. அவன் சென்னைக்கு வண்டி ஏறவில்லை.

நேயர்களே, ஒரு தலைமுறைக்கு முன் இத்தொழில் இவ்வாறு இருக்கவில்லை. 1978-இல் ஐ.பி.எம். நிறுவனம் இந்தியாவை விட்டு நீங்கியபோது, அது விட்டுச்சென்ற பொறிகளைப் பேணும் பொறுப்பை மத்திய அரசின் சி.எம்.சி. நிறுவனம் ஏற்றது. அக்காலத்தில் பொறி கெட்டால் பொறியாளர்தாம் கருவிப் பெட்டியோடு பொறி இருக்கும் இடத்திற்குச் செல்ல வேண்டும். இன்று கேள்வி செல்கின்றது. ஆள் இருந்த இடத்திலேயே இருக்கின்றான்.

ஆள் செல்லவே முடியாத இடமும் உண்டு. கொல்லங்கோட்டில் ரயிலேறினால் பொள்ளாச்சி. அதற்கப்பால் கிணத்துக்கடவுப் பக்கத்தில் கோதவாடி என்றொரு சிற்றூர். மங்கள்யான் பணியில் இயக்குநர் பொறுப்பில் இருந்த மயில்சாமி அண்ணாதுரை அவ்வூரில் பிறந்தவர். 2013 நவம்பர் 5-ஆம் நாள் புறப்பட்ட அந்த விண்கலத்தின் முதன்மை எந்திரம், பூமியின் பிடியை விட்டு நீங்கிய பின் ஏறத்தாழ 300 நாள் உறங்கிக் கிடந்தது. செவ்வாயை அடையும்போது அது எழாவிட்டால் அத்தனை உழைப்பும் வீண். ஆகவே 2014 செப்டம்பர் 22-ஆம் நாள், கட்டளை கொடுத்து 4 விநாடி மட்டும் அதை எரித்துப் பார்த்தார்கள். எந்திரம் எழுந்தது. இரண்டு நாள் கழித்து அதே எந்திரம் ஏறத்தாழ 23 நிமிஷம் எரிந்து கலத்தைச் செவ்வாயின் சுற்றுப்பாதையில் சேர்த்தது. வேண்டும் வேளை வருமுன் சிறிதளவு சோதித்துப் பார்ப்பதும் நோயறியும் கலையின் ஒரு பகுதி.

அதனினும் வியப்பான செய்தி ஒன்று. 1977-இல் அமெரிக்கா ஏவிய வாயேஜர்-1 என்ற விண்கலம் 2023 நவம்பரில் பொருளற்ற எழுத்துகளை உளறத் தொடங்கிற்று. அப்போது அது 2,400 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. ஒரு கட்டளை சென்று சேர இருபத்திரண்டரை மணி நேரம். விடை திரும்ப மேலும் அவ்வளவு நேரம். 2024 மார்ச்சில் பொறியாளர்கள் ஒரு கட்டளை அனுப்பி, அதன் நினைவகம் முழுவதையும் எழுதி அனுப்பச் செய்தார்கள். அதில் ஏறத்தாழ 3 விழுக்காடு சிதைந்திருப்பது தெரிந்தது; ஒரேயொரு சில்லின் கோளாறு என்று கண்டார்கள். சில்லை மாற்ற ஆள் போக இயலுமா? அதில் இருந்த கட்டளைகளைத் துண்டு துண்டாக்கி, நினைவகத்தின் வேறு இடங்களில் குடியேற்றினார்கள். ஏப்ரல் 20-ஆம் நாள் கலம் மீண்டும் தன் நலத்தைத் தெளிவாகச் சொல்லிற்று.

இவ்வளவும் சொன்ன நான் இதன் எல்லையையும் சொல்ல வேண்டும். கூகுள் நிறுவனத்தார் லட்சத்துக்கு மேற்பட்ட வட்டுகளை ஆராய்ந்து 2007-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். செத்துப்போன வட்டுகளில் பாதிக்கும் மேற்பட்டவை, முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றையும் காட்டாமலே செத்தன என்பது அதில் கண்ட உண்மை. குறிப்பேடு சொன்னால் நம்பலாம். அது பேசாதிருந்தால் நலம் என்று எண்ணிவிடல் ஆகாது.

மற்றொன்று: வாட்ச்மேனிடம் சாவி இருக்கின்றது. அவனைத் திருடன் வசப்படுத்தினால் வீடே போயிற்று. ஐ.பி.எம்.ஐ. விதியின் இரண்டாம் பதிப்பில், கேட்பவன் யாரென்று தெரியுமுன்பே கடவுச்சொல்லின் மறைவடிவத்தைக் கொடுத்துவிடும் குறை உண்டு என்று 2013-இல் டான் பார்மர் என்ற ஆய்வாளர் எச்சரித்தார். அதனால்தான் அறிவுடையோர் அந்த வாயிலைப் பொதுத் தெருவில் திறந்து வைப்பதில்லை. ஆலையிலிருந்து வந்த கடவுச்சொல்லை மாற்றாமல் விடுவதுமில்லை.

நிற்க. அன்று காலை நடந்ததையும் சொல்லி முடிக்கின்றேன். வேலை முடிந்து எழுந்த பிள்ளை, "அம்மா, சுகமா?" என்று கேட்டான். "எனக்கென்னடா, சுகந்தான்" என்றார் தமக்கை. சுவரில் வைத்தியர் கொடுத்த குறிப்பேடு தொங்கிற்று. நாள்தோறும் இரத்த அழுத்தம் எழுத வேண்டிய பக்கங்கள் அவை. எட்டு நாளாக ஒன்றும் எழுதவில்லை. மாத்திரை அட்டையை எடுத்து எண்ணினேன். எட்டு மாத்திரை மிகுந்திருந்தன. "தீர்ந்துவிட்டால் நீ மழையில் கடைக்கு ஓட வேண்டுமே என்று பார்த்தேன்" என்றார் அவர். மகன் ஒன்றும் பேசாமல் கருவியை எடுத்து வந்து அளந்தான். அளவு மிகுந்துதான் இருந்தது. அன்று மாலையே வைத்தியரிடம் அழைத்துச் சென்றோம்.

ஒரே கூரையின்கீழ் இருந்த பிள்ளைக்கே இது தெரியவில்லை என்றால், கடல் கடந்து இருக்கும் பிள்ளைகளின் பாடு என்ன? பொறி தன் குறிப்பை மறைப்பதில்லை. நம் தாய் தந்தையர் மறைப்பார்கள், அன்பினாலேயே மறைப்பார்கள்.

ஆகவே வெளியூரிலும் வெளிநாட்டிலும் வாழும் நம் குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். ஞாயிறுதோறும் தொலைபேசியில் "சுகமா?" என்று மட்டும் கேட்டு வைத்துவிடாதீர்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை, எடை, உண்ட மாத்திரை ஆகிய நான்கையும் எழுத ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். "அம்மா, இந்த வாரத்துப் பக்கத்தைப் படியுங்கள்" என்று கேளுங்கள். அயல்வீட்டார் ஒருவரின் எண்ணையும் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். வீடு பேசாதபோது அவர் பேசுவார். நோட்டு ஒன்றும் சொல்லவில்லை என்பதற்காக நேரில் வருவதையும் விட்டுவிடாதீர்கள்.

என் மருமகன் இன்றும் கொல்லங்கோட்டில்தான் இருக்கின்றான். மூன்றாம் விசிறி நன்றாகச் சுற்றுகின்றதாம். தமக்கையின் நோட்டில் நேற்றுவரை ஒரு நாளும் விடுபடவில்லை.