விமானம் வாங்கியது யார்? விற்றது யார்?

ஒரு விமான நிறுவனம் போயிங்கை விட்டு ஏர்பஸ்ஸுக்கோ, ஏர்பஸ்ஸை விட்டுப் போயிங்குக்கோ மாறுவது, கடை மாற்றிச் சாமான் வாங்குவது போன்றதல்ல. விமானிகளுக்கு மறுபயிற்சி, மெக்கானிக்குகளுக்குப் புதிய பயிற்சி, புதிய உதிரி பாகங்கள் எனச் செலவு கோடிக்கணக்கில் ஏறும். எனவே விலை, எரிபொருள் சிக்கனம், கையில் கிடைக்கும் தேதி ஆகியவற்றைக் கணக்குப் பார்த்தே மாறுவதாகச் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் முழு உண்மையா?

ஏர்பஸ் ஏ300-600 ரகத்தை 1984-ல் உலகிலேயே முதலில் பெற்றது சவூதியா நிறுவனம். அடுத்த பெரிய கொள்முதலிலும் ஏர்பஸ் போட்டியிட்டது. ஆனால் 1994 பிப்ரவரியில் சுமார் 600 கோடி டாலர் வியாபாரம் போயிங்குக்கும் மெக்டொனல் டக்ளஸுக்கும் போனது. அதை வெள்ளை மாளிகையில் அறிவித்தவர் யார் தெரியுமா? அமெரிக்க அதிபர் கிளிண்டன்!

1991 வளைகுடாப் போரில் படை அனுப்பிய நாடே விற்பனையாளராகவும் வந்து நின்றால் வாங்குபவர் எப்படிப் பேரம் பேசுவார்?

ஐரோப்பா மட்டும் யோக்கியமா? இல்லை. ஏர்பஸ், போயிங் இரண்டுமே விதிகளுக்கு முரணான அரசு மானியம் பெற்றதாக உலக வர்த்தக அமைப்பு பின்னாளில் தீர்ப்பளித்தது. தடையற்ற சந்தை என்று ஏழை நாடுகளுக்கு உபதேசம் செய்வதும் இவர்களே!

2024 மே மாதம் சவூதியா குழுமம் ஏர்பஸ்ஸிடம் 105 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. காற்று திசை மாறலாம், பாடம் மாறாது. தன் பாதுகாப்புக்குப் பிறர் கையை எதிர்பார்க்கும் நாடு, தன் பணத்தில் வாங்கும் பொருளைக்கூடச் சுதந்திரமாகத் தேர்ந்தெடுக்க முடியாது. சிந்தியுங்கள்!