நோயாளியின் பேசா மொழி

 

மரக்காணத்து உப்பளங்களில் உழைப்போரின் கால்களைக் கண்டவர்கள், அவை எவ்வளவு பேசும் என்பதை அறிவார்கள். தை மாதம் பாத்திகளைச் சீர்செய்யத் தொடங்கும் நாள் முதல் ஐப்பசி மழை இறங்கும் வரை செறிந்த உப்புநீரில் நிற்கும் கால்கள் அவை. சிறு கீறல் விழுந்தாலும் உப்புநீர் பட்டவுடன் தீயாய் எரியும்.

எங்கள் அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவர் இளமை முதல் அப்பாத்திகளில் உழைத்தவர், நீரிழிவு நோயாளி. சில ஆண்டுகளுக்கு முன், அவருடைய மகன் வெளியூர் சென்றிருந்தபோது, அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. "கால் எப்படி இருக்கிறது?" என்று மருத்துவர் வினவினார். பெரியவர் என் முகத்தைப் பார்த்தார். நானோ, "நன்றாகத்தான் நடக்கிறார், டாக்டர்" என்று முந்திக்கொண்டு விடையளித்தேன். "ஆமாங்க, ஹஜ்ரத் சொன்னாச் சரிதானுங்க" என்று அவரும் தலையசைத்தார். அப்படிச் சொல்லும்போதே தம் இடக்காலை நாற்காலிக்கு அடியில் மெல்ல இழுத்துக்கொண்டார். அதை நான் பார்த்தேன்; கூச்சம் என்று எண்ணி விட்டுவிட்டேன். வெளியே நீண்ட வரிசை காத்திருந்தது. மாத்திரைச் சீட்டுடன் திரும்பினோம்.

மூன்று வாரங்களில் அக்காலின் பெருவிரல் அழுகி, அதை நீக்க நேர்ந்தது. அப்போதுதான் பெரியவர் என்னிடம் மனம் திறந்தார்: "ரெண்டு மாசமாவே புண்ணு மேல உப்புத்தண்ணி பட்டா எரியலீங்க. ஆறிடுச்சுன்னு நெனச்சேன். அப்புறம் பார்த்தா நாத்தம் வந்துச்சு. அன்னிக்கே டாக்டர்கிட்ட சொல்லலாம்னுதான் பார்த்தேன். உங்க முன்னால அந்தக் காலைத் தூக்கிக் காட்ட மனசு வரலீங்க."

நீரிழிவு நெடுநாள் நீடித்தால் பாதத்தின் நரம்புகள் உணர்விழக்கும். எரிச்சல் நின்றது குணமானதன் அடையாளமன்று. நரம்பு மரத்துப்போனதன் அடையாளம். வாய் மறைத்ததை அவருடைய கால் சொல்லிற்று. துணைக்கு என்று போன நானே அவருடைய நாவுக்குப் பூட்டாகிவிட்டேன்.

பேசவியலாதவர்களின் வலியை அறிய மருத்துவ உலகம் தனி முறைகளையே வகுத்துள்ளது. 1997-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு முறை, குழந்தையின் முகம், கால்கள், அசைவு, அழுகை, தேற்றினால் தேறும் தன்மை ஆகிய 5-ஐயும் கவனித்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் இட்டு வலியைக் கணிக்கிறது. பேசத் தெரிந்த பெரியவர்களிடமும் அத்தகைய கவனம் வேண்டும். நம்மவரின் தலையசைப்பு எப்போதும் "புரிந்தது" என்று பொருள்படாது. "தங்களை மதிக்கிறேன்" என்பது மட்டுமாகவும் இருக்கலாம். தாழ்ந்த பார்வை நாணமாகலாம், அச்சமுமாகலாம். நம் பெண்கள் பலர் ஆண் மருத்துவர் முன் மௌனமாகிவிட, கணவரோ மாமியாரோ பதில் சொல்கின்றனர். அந்த மௌனத்தை, நோய் இல்லை என்று எவ்வாறு கொள்வது?

திருக்குர்ஆனின் 80-ஆவது அத்தியாயமான 'அபஸ' இறங்கிய நிகழ்ச்சியை எண்ணிப் பாருங்கள். குறைஷித் தலைவர்களிடம் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் உரையாடிக்கொண்டிருந்தபோது, கண்பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) குறுக்கிட்டார்கள். அண்ணலாரின் திருமுகம் சற்றே சுளித்துத் திரும்பியது. அதைக் காணக் கண்ணில்லாதவர் அத்தோழர். ஆயினும் அது குறித்து இறைவசனம் இறங்கியது. காணாதவரிடத்தும் முகபாவனைக்குப் பொறுப்பு உண்டெனில், நம் முகத்தையே உற்று நோக்கிக் கிடக்கும் நோயாளியிடத்தில் நம் பொறுப்பு எத்தகையது!

நோயுற்ற ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களை நலம் விசாரிக்கச் சென்ற நபிகளார் (ஸல்) அவர்கள், அவருடைய நெற்றியில் கை வைத்து, முகத்தையும் வயிற்றையும் தடவிக்கொடுத்தார்கள். அந்தக் கரத்தின் குளிர்ச்சியைத் தாம் பின்னாளிலும் உணர்ந்ததாக ஸஅத் (ரலி) அவர்கள் கூறியதை ஸஹீஹ் புகாரி பதிவு செய்துள்ளது. நோயாளியை நலம் விசாரிப்பது கடமை எனக் கற்றுள்ள நாம், எவ்வாறு விசாரிப்பது என்பதையும் அங்கிருந்தே கற்க வேண்டும்.

ஆகவே, நோயாளியுடன் செல்வோர் சிலவற்றைப் பேணுவோம். கேள்வி அவரிடம் கேட்கப்பட்டால் விடையும் அவரிடமிருந்தே வரட்டும். சிறிது நேரம் அவரை மருத்துவரிடம் தனியே பேச விடுங்கள். பெண்களுக்குப் பெண் மருத்துவரையோ செவிலியரையோ கேட்டுப் பெறுங்கள். நீரிழிவு உள்ளவர் செருப்பைக் கழற்றிப் பாதத்தைக் காட்டாமல் எழுந்து வரவேண்டாம். 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் பணியாளர்களை வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பிவிடாதீர்கள். நோயாளியின் அருகில் அமரச் செய்யுங்கள். சொந்தத் திண்ணையில் வாய் சற்று எளிதாகத் திறக்கும்.

இப்போதும் அப்பெரியவருடன் நான் மருத்துவமனைக்குச் செல்வதுண்டு. அவரை நாற்காலியில் அமர்த்தி, குனிந்து என் கையாலேயே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வெளியே வந்து நிற்கிறேன். உள்ளே அவர் பேசும் குரல் கேட்கிறது.

நோயாளிகளின் சொல்லையும் மௌனத்தையும் உணரும் உள்ளத்தை வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.