நாலு மணிக்குப் பிறகு என்ன நடக்குது?

ஏ.எல் பெறுபேறு வந்ததும் எல்லா வீட்டிலும் ஒரே கதைதான். போன வருச வெட்டுப்புள்ளி எவ்வளவு, எங்கட இசட் ஸ்கோருக்கு எது வரும், வீட்டுக்குக் கிட்ட எது. மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்தில் விருப்ப ஒழுங்கை நிரப்பும்போது பலர் செய்வது, வெட்டுப்புள்ளி கூடினதை மேலே போட்டுவிட்டு அப்படியே கீழே இறங்கி வருவதுதான். அந்த இலக்கம் சொல்வது போன முறை அந்த இடத்துக்கு எவ்வளவு போட்டி இருந்தது என்பதை மட்டும்தான். அங்கே போனால் யாரோடு கதைப்பீர்கள், எதைப் பற்றிக் கதைப்பீர்கள் என்று அது சொல்லாது.

ஒரே பாடநெறி இரண்டு கம்பஸில் இருக்கிறது என்று வையுங்கோ. யாழ்ப்பாணத்தில் இருக்கிற ஒரு பிள்ளை தமிழ்மொழி மூலம் கலைப்பீடத்துக்குப் போகப் போகுது: யாழ்ப்பாணமா, பேராதனையா? பாடத்திட்டத்தில் பெரிய வித்தியாசம் இராது. வித்தியாசம் விரிவுரை முடிந்த பிறகுதான் தொடங்கும்.

பேராதனையை ஐவர் ஜெனிங்ஸ் வதிவிடப் பல்கலைக்கழகமாகவே கற்பனை பண்ணினவர். பிள்ளைகள் அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே தூங்கி, அங்கேயே சண்டை பிடிக்கவேணும் என்பதுதான் யோசனை. 1960களில் சு. வித்தியானந்தன் மாணவர்களை வைத்து மட்டக்களப்புக் கூத்தை மேடைக்குக் கொண்டுவந்ததும் அங்கேதான். ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ எல்லாம் விரிவுரை மண்டபத்துக்கு வெளியே பிறந்தவை. ஆனால் இதைச் சொல்லி பேராதனைதான் பெரிசு என்று நிறுவ ஏலாது. 1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது கைலாசபதி அதன் தலைவராக வந்தார். பிறகு அது தனிப் பல்கலைக்கழகமானபோது அதே வித்தியானந்தன் துணைவேந்தரானார். சூழல் ஆட்களோடு இடம் மாறும். அறுபது வருசத்துக்கு முந்தின பெருமையைப் பார்த்து இன்றைக்கு இடம் தெரிவு செய்யாதேங்கோ.

இன்றைக்குப் பார்க்கவேண்டியது வேற. விடுதி எத்தனை வருசத்துக்குக் கிடைக்கும்? பெண்பிள்ளைகளின் விடுதிக் கதவு எத்தனை மணிக்குப் பூட்டும்? நூலகம் எத்தனை மணி வரை? நாலு மணி பஸ்ஸில் பாதி வகுப்பு வீட்டுக்குப் போய்விட்டால் அங்கே விவாதக் குழுவும் இல்லை, நாடகமும் இல்லை, சும்மா இருந்து கதைக்கிற கதையும் இல்லை.

எல்லாவற்றையும் விடப் பெரிசு பகிடிவதை. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதைக் குற்றம் என்கிறது. ஆனாலும் முதல் மாதங்களில் என்ன உடுக்கவேணும், யாரோடு கதைக்கலாம் என்று சீனியர் தீர்மானிக்கிற இடங்கள் இன்னும் இருக்கு. மறுத்தவருக்குக் குப்பி வகுப்பும் இல்லை, பச் ட்ரிப்பும் இல்லை. இதைச் சிலர் ‘கம்பஸ் லைஃப்’ என்கினம். எனக்கு அது அறிவுச் சூழலைக் கொல்லுகிற வேலையாகத்தான் தெரியுது. சீனியருக்கு முன்னால் தலை நிமிர்த்தப் பயந்த பிள்ளை விரிவுரையில் எழும்பி நின்று எப்படிக் கேள்வி கேட்கும்?

தெற்குக்குப் போனால் சிங்களப் பிள்ளைகளோடு பழகலாம் என்று சொல்வார்கள். பாதிதான் உண்மை. மொழிமூலம் வேறு என்றால் வகுப்பும் வேறு, கன்ரீனில் மேசையும் வேறு. பக்கத்து அறையில் மூன்று வருசம் இருந்தும் பெயர் தெரியாமல் வந்த ஆட்கள் இருக்கினம். ஆனால் பக்கத்து அறை ஒன்று இருக்கிறது. வீட்டில் இருந்து போய்வந்தால் அதுவும் இல்லை.

அதனால், பாடநெறி ஒன்றென்றால் விடுதி உள்ள, வீட்டைவிட்டுத் தூரமான இடத்தை மேலே போடுங்கோ என்பதுதான் என்ர கட்சி. காசுக் கணக்கு இதற்குள் வராது என்று சொல்லமாட்டன். சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்கும் வழியில்லாத வீட்டுக்குக் கிட்டத்துக் கம்பஸ்தான் கம்பஸ். அப்படிப் போகிறவர்கள் நாலு மணி பஸ்ஸை விட்டுட்டு ஆறு மணி பஸ்ஸில் போகப் பழகினாலே கொஞ்சம் மாறும்.

விசாரிக்கிறதென்றால் இப்ப முதல் வருசத்தில் இருக்கிற பிள்ளையை விசாரியுங்கோ. இறுதி வருச அண்ணாமாருக்கும் அக்காமாருக்கும் அந்த முதல் ஆறு மாதம் இப்ப ஒரு பகிடியாகத்தான் ஞாபகம் இருக்கும்.