கொலையாளிக்கு ஒரு ஃபிளாஷ்பேக்

1996-ஆம் ஆண்டு கோடையில், நார்வேயின் எர்யே காட்டுக்குள் இருந்த ஒரு சிறிய ஏரியைப் போலீஸார் பம்பு வைத்து இறைத்தார்கள். எட்டு ஆண்டுகளுக்கு முன் காணாமல்போன 9 வயதுச் சிறுமியின் உடலைத் தேடித்தான் இத்தனை பாடு. சுமார் மூன்றரைக் கோடி லிட்டர் தண்ணீர் வெளியேறியது. அடிச்சேற்றையும் அலசினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த ஏரியைக் காட்டிக்கொடுத்தவர், பக்கத்து நாடான சுவீடனில் சேட்டர் என்ற ஊரின் தடயவியல் மனநல மருத்துவமனையில் அடைக்கப்பட்டிருந்த ஒரு நோயாளி. தாமஸ் குவிக் என்று பெயரை மாற்றிக்கொண்டிருந்த ஸ்டூரே பெர்க்வால்.

உடல் கிடைக்காவிட்டாலும் 1998-ல் நீதிமன்றம் அந்தக் கொலைக்கு அவரையே குற்றவாளி ஆக்கியது. காட்டில் கருகிய துண்டு ஒன்று அகப்பட்டிருந்தது. 5 வயதுக்கும் 15 வயதுக்கும் இடைப்பட்ட ஒருவரின் எலும்பு அது என்று நிபுணர்கள் சொன்னார்கள். பல ஆண்டுகள் கழித்து ஆய்வகத்தில் மறுபடி சோதித்தபோதுதான் தெரிந்தது, மரமும் பசையும் கலந்து செய்த பலகையின் துண்டு என்று.

பெர்க்வால் ஒன்றும் அப்பாவி இல்லை. சிறுவர்களிடம் பாலியல் அத்துமீறல், ஒரு கத்திக்குத்து, கிறிஸ்துமஸ் தாத்தா வேடத்தில் நடத்திய கொள்ளை என்று பழைய கணக்குகள் இருந்தன. கொள்ளை வழக்கில்தான் 1991-ல் சேட்டருக்கு வந்தார். வந்த இடத்தில் கொலைகளை ஒவ்வொன்றாக ஒப்புக்கொள்ளத் தொடங்கினார். பட்டியல் முப்பதைத் தாண்டியது. 1994 முதல் 2001 வரை ஆறு வழக்குகள், எட்டுக் கொலைகளுக்குத் தீர்ப்பு. நாவல்களில் வரும் மனநல மருத்துவர்-கொலையாளி ஹானிபல் லெக்டரின் நிஜ வடிவம் பத்திரிகைகளுக்குக் கிடைத்துவிட்டது. 2008-ல் ஹன்னஸ் ரோஸ்டாம் என்ற பத்திரிகையாளர் அவரைப் போய்ப் பார்த்தார். அவரிடம் பெர்க்வால், தான் யாரையும் கொல்லவில்லை என்று சொல்லிவிட்டார். 2013-க்குள் எட்டுக் கொலைகளுக்கான தீர்ப்புகளும் ரத்தாயின.

சுவீடன் நீதித்துறைக்கு நேர்ந்த தலைகுனிவு என்றே இதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். சரிதான். ஆனால் தொடர் கொலையாளி நாவல்களை விரும்பிப் படிப்பவர்களும் அவற்றை எழுதுகிறவர்களும் இந்த வழக்கைக் கொஞ்சம் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். அந்த நாவல்களின் கதைக்கட்டை ஒரு மருத்துவமனை நிஜ வாழ்க்கையில் நடத்திப் பார்த்தது. கொலையாளியின் மனதைப் பேச்சிலேயே திறக்கும் மருத்துவர், புதைந்து கிடக்கும் குழந்தைப் பருவக் கொடுமை, அது வெளிவந்ததும் தானாகத் துலங்கும் கொலைகள்: எல்லாம் இருந்தன. இல்லாமல் போனது கொலையாளி மட்டும்தான்.

சேட்டரில் அன்று செல்வாக்காக இருந்த கோட்பாடு இதுதான்: சிறுவயதில் பட்ட தாங்கமுடியாத கொடுமையை மனம் மறந்துவிடும், வளர்ந்தபின் அந்த ஆள் செய்யும் கொலைகள் அந்தக் கொடுமையின் மறுநடிப்பு, சிகிச்சையில் பேசப் பேச இரண்டுமே நினைவுக்கு வரும். பெர்க்வாலும் பேசினார். பெற்றோரே தன்னைச் சீரழித்ததாகச் சொன்னார். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று உடன்பிறந்தவர்கள் மறுத்தது எடுபடவில்லை. பேசுவதற்குத் தெம்பாக, பதற்றம் தணிக்கும் பென்சோடையசெபின் மாத்திரைகள் தாராளமாகக் கிடைத்தன. வெளியே போக அனுமதி கிடைத்த நாட்களில் ஸ்டாக்ஹோமில் நூலகத்துக்குப் போய்ப் பழைய செய்தித்தாள்களைப் புரட்டினார். கொலை ஒன்றைச் சொன்னால் கவனிப்பு கூடியது, மருந்து வந்தது, மருத்துவர்கள் குறிப்பெடுத்தார்கள். சாதாரண நோயாளியாக இருந்தபோது கிடைக்காத மதிப்பு இது.

அந்த நார்வேச் சிறுமியைப் பற்றி முதலில் அவர் சொன்னதைப் பாருங்கள். பொன்னிறக் கூந்தல் என்றார், சிறுமிக்குக் கருங்கூந்தல். தனித்தனி வீடுகள் உள்ள கிராமம் என்றார். அவள் காணாமல்போனது கான்கிரீட் அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து. சாதாரணக் காவல் நிலையத்தில் இரண்டாவது தவறிலேயே ஆய்வாளர் பேனாவை மூடி வைத்திருப்பார். இங்கே ஒவ்வொரு தவறுக்கும் கோட்பாட்டில் ஒரு விளக்கம் தயாராக இருந்தது. உண்மையை நேராகச் சொல்ல மனம் அஞ்சுகிறது, அதனால் திரித்துச் சொல்கிறது என்றார்கள். சரியாகச் சொன்னால் அது நினைவு, தப்பாகச் சொன்னால் அது வலி. இப்படி ஒரு ஏற்பாட்டில் எவரும் எந்தக் கொலைக்கும் குற்றவாளி ஆகலாம். விசாரணைகள் நீள நீள, தவறுகள் திருத்தம் பெற்று, கடைசியில் கோர்வையான வாக்குமூலமாகி நீதிமன்றம் போயின.

2001 வாக்கில் பொறுப்பேற்ற மருத்துவர் மாத்திரைகளைக் குறைத்து நிறுத்தினார். பெர்க்வால் வாயை மூடிக்கொண்டார். ஏழு ஆண்டுகள் எந்தப் போலீஸ்காரரிடமும் கொலைக்கதை பேசவில்லை. இந்த இரண்டுக்கும் உள்ள தொடர்பு அங்கிருந்த யாருக்கும் உறைக்காமல் போனதுதான் எனக்கு இன்னும் விளங்காத சங்கதி.

இப்போது லெக்டருக்கு வருவோம். தாமஸ் ஹாரிஸ் எழுதிய 'ரெட் டிராகன்' 1981-ல் வந்தது, 'தி சைலன்ஸ் ஆஃப் தி லேம்ப்ஸ்' 1988-ல். லெக்டர் பிறந்த கதையை ஹாரிஸே பின்னாளில் சொன்னார். இளம் நிருபராக இருந்த காலத்தில் மெக்ஸிகோவின் மான்டெர்ரே சிறையில் ஓர் அமெரிக்கக் கைதியைப் பேட்டி காணப் போயிருக்கிறார். அந்தக் கைதிக்குச் சிகிச்சை செய்த டாக்டரையும் சந்தித்தார். நயமாகப் பேசும் மனிதர்; கைதியின் மனநிலையை அலசி, நிருபரையே கேள்வி கேட்கிறார். சிறை மருத்துவர் என்று நினைத்துக்கொண்டே ஹாரிஸ் விடைபெற்றார். அவரும் அங்கே கொலைக்குற்றத்தில் அடைபட்ட கைதிதான் என்பதை அப்புறம் சிறை அதிகாரி சொல்லித்தான் தெரிந்தது.

அந்த டாக்டர் மனநல மருத்துவர் இல்லை, அறுவைச் சிகிச்சை படித்தவர். ஆனாலும் மனதை வாசிக்கிறவராகவே ஹாரிஸுக்குத் தோன்றினார், அந்தத் தொனி அப்படி. லெக்டரின் மொத்த பலமும் தொனிதான். முதல் இரண்டு நாவல்களில் அவனுக்குக் கடந்தகாலமே கிடையாது. எது உன்னை இப்படி ஆக்கியது என்ற கேள்வியையே அவன் ஏளனம் செய்கிறான். வாசகருக்குக் குலை நடுங்குவதும் அதனால்தான். பிறகு ஹாரிஸே இடறினார். 1999-ல் வந்த 'ஹானிபல்' நாவலிலும் 2006-ல் வந்த 'ஹானிபல் ரைசிங்' நாவலிலும் லித்துவேனியா, போர்க்காலப் பட்டினி, தின்னப்பட்ட தங்கை என்று லெக்டருக்கு ஒரு பால்யம் வந்து சேர்ந்தது. காரணம் தெரிந்ததும் லெக்டர் சின்னவனாகிப் போனான். நான்காவது நாவலைப் படித்து முடித்தவர்கள் பயந்திருக்க மாட்டார்கள், பாவப்பட்டிருப்பார்கள்.

நம் சினிமாவுக்கும் இந்த வியாதி பழையது. 1978-ல் 'சிகப்பு ரோஜாக்கள்', 2018-ல் 'ராட்சசன்', 2020-ல் 'சைக்கோ'. மூன்றும் இரண்டு தலைமுறைப் படங்கள். மூன்றிலும் இடைவேளைக்குப் பிறகு ஒரு ஃபிளாஷ்பேக் வந்து, சிறுவயதில் இவனுக்கு என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறது. 'ராட்சசன்' அளவுக்கு நம்மை இருக்கை நுனியில் உட்கார வைத்த தமிழ்ப் படங்கள் குறைவு. ஆனால் அதன் வில்லனுக்கு ஓர் அரிய மூப்பு நோயையும் பள்ளிக்கூட அவமானத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது, நோயாளிப் பிள்ளைகளையும் வகுப்பறையில் கேலிக்கு ஆளான பிள்ளைகளையும் படம் எந்த வரிசையில் நிறுத்துகிறது? அடிபட்டு வளர்ந்தவர்கள் நம் தெருவில் எத்தனையோ பேர். அவர்களில் பெரும்பாலானோர் யாரையும் கொல்வதில்லை, தங்கள் பிள்ளைகளை அடிக்காமல் வளர்க்க முயல்கிறார்கள். அதைப் படமெடுத்தால் ஓடாது, ஒப்புக்கொள்கிறேன்.

கதைகளை விட்டுவிட்டு நீதிமன்றத்துக்குப் போனால், தடயவியல் மனநல மருத்துவரின் வேலை வறட்டு வேலை. கொலையைச் செய்தது யார் என்று கண்டுபிடிப்பது அவர் பொறுப்பே இல்லை. நீதிமன்றம் அவரிடம் கேட்பவை குறுகலான கேள்விகள். வழக்கைப் புரிந்துகொண்டு தன் வக்கீலிடம் பேசும் நிலையில் இந்த ஆள் இருக்கிறாரா? அந்தச் செயலைச் செய்தபோது என்ன செய்கிறோம் என்பதும், அது தவறு என்பதும் தெரிந்திருந்ததா? இரண்டாவது கேள்விக்கு வயது ஏறக்குறைய 180. 1843-ல் பிரிட்டிஷ் பிரதமரின் செயலாளரைச் சுட்டுக்கொன்ற மெக்நாட்டன் வழக்கையொட்டி வகுத்த விதி அது. நம் இந்திய தண்டனைச் சட்டத்தின் 84-வது பிரிவாக வந்து, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 22-வது பிரிவாக இருக்கிறது.

அந்தக் குறுகலான கேள்வியிலேயே வேண்டிய அளவு நாடகம் உண்டு. இங்கிலாந்தில் 13 பெண்களைக் கொன்ற பீட்டர் சட்கிளிஃப் 1981-ல் கூண்டில் நின்றபோது, அவருக்குத் தீவிர மனச்சிதைவு என்று மனநல மருத்துவர்கள் ஒரே குரலில் சொன்னார்கள். அரசுத் தரப்பே அதை ஏற்றுக் குற்றச்சாட்டைக் குறைக்கத் தயாரானது. நீதிபதி மறுத்துவிட்டார், ஜூரிகளும் சாட்சியங்களைக் கேட்ட பிறகு கொலை என்றே தீர்ப்பளித்தார்கள். மூன்றே ஆண்டுகளில் அதே சட்கிளிஃப், மனநோய் முற்றியவராகப் பிராட்மூர் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார். மருத்துவர்களை அவர் ஏமாற்றினாரா, ஜூரிகள் கோபத்தில் தீர்ப்பளித்தார்களா? இந்த ஒரு கேள்வியில் ஒரு பெரிய நாவலே இருக்கிறது. துரத்தல் இல்லாததால் அந்தப் பக்கம் அதிகம் பேர் போகவில்லை போலிருக்கிறது.

பிடிபடுவதும் மனதை வாசித்து நடப்பதில்லை. சட்கிளிஃபை ஒன்பது முறை விசாரித்து விட்டுவிட்டார்கள். கடைசியில் மாட்டிவிட்டது காரில் இருந்த போலி நம்பர் பிளேட். நியூயார்க்கின் டேவிட் பெர்கோவிட்ஸ் 1977-ல் அகப்பட்டது வண்டியைத் தப்பான இடத்தில் நிறுத்தியதற்கான அபராதச் சீட்டால். கான்சஸில் பத்துப் பேரைக் கொன்ற டென்னிஸ் ரேடர் 2005-ல் போலீஸாருக்கு ஒரு ஃபிளாப்பி அனுப்பினார். அழித்த கோப்பின் மிச்சத்தில் அவர் பொறுப்பில் இருந்த தேவாலயத்தின் பெயரும் அவர் முதற்பெயரும் ஒட்டிக்கொண்டிருந்தன.

மனதை வாசித்தே ஆளைப் பிடிக்கக் கிளம்பினால் என்ன நடக்கும் என்பதற்கு லண்டனில் ஓர் உதாரணம் உண்டு. 1992-ல் விம்பிள்டன் திடலில் ஓர் இளம்பெண் கொல்லப்பட்டார். உளவியலாளர் ஒருவர் வரைந்து தந்த குணச்சித்திரம் காலின் ஸ்டாக் என்ற வேலையற்ற இளைஞரோடு பொருந்துவதாகப் போலீஸாருக்குப் பட்டது. ஒரு பெண் காவலரைக் காதலிபோல நடிக்க வைத்து, அவரிடமிருந்து வாக்குமூலம் கறக்க மாதக்கணக்கில் முயன்றார்கள். 1994-ல் நீதிபதி அந்தச் சாட்சியத்தைக் கடுமையாகக் கண்டித்துத் தள்ளினார். போலீஸ் ஸ்டாக்கின் பின்னால் சுற்றிக்கொண்டிருந்த 1993-ல், உண்மையான கொலையாளி ராபர்ட் நேப்பர் இன்னொரு பெண்ணையும் அவருடைய நான்கு வயது மகளையும் கொன்றுவிட்டிருந்தார். விம்பிள்டன் கொலைக்கு அவர் தண்டனை பெற்றது 2008-ல், டிஎன்ஏ மூலம்.

அதற்காக இந்த வகை நாவல்களே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, நானும் படிக்கிறவன்தான். கொலையாளியின் மனதைக் காட்டிலும் அவன் முன்னால் உட்கார்ந்திருக்கும் மருத்துவரின் மனம் எனக்குச் சுவாரசியமாகப் படுகிறது. பெரிய உண்மை ஒன்று தன் அறையில்தான் வெளிவருகிறது என்று நம்பத் துடிக்கும் மனம் அது. எதிரில் இருப்பவன் அந்தத் துடிப்பைக் கண்டுகொண்டு அதற்குத் தீனி போடுகிறான். சேட்டரில் நடந்தது இந்தக் கதைதான். அதை எழுத ரத்தம் தேவையில்லை.

குவிக் வழக்கு நாறுகிறது என்று சுவீடனில் உரக்கச் சொன்னவர்களில் முக்கியமானவர் லெய்ஃப் பெர்ஷோன். குற்றவியல் பேராசிரியர், கூடவே நாடறிந்த துப்பறியும் நாவலாசிரியர். இட்டுக்கட்டிய கதையின் வாசனை அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவருக்கும் முன்னால் ஒரு சிறுவனின் பெற்றோர் சந்தேகப்பட்டார்கள். 1980-ல் காணாமல்போன அவர்களுடைய 11 வயது மகனைக் கொன்றதாகத்தான் பெர்க்வால் தன் வாக்குமூலங்களைத் தொடங்கினார். இவன் இல்லை என்று அவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2001-ல் நீதிமன்றம் அந்தக் கொலையையும் அவர் கணக்கில் எழுதியது.